ஒத்தி வீட்டுக்கும் கெடு உண்டு

ஆடி பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்துப் போடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் வைகாசியும் ஆனியும் எங்களைப் போன்ற பத்திர எழுத்தர்களுக்கு ஓய்வில்லாத மாதங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் அதுதான். ஒத்திக்கு வீடு பிடிப்பவர்கள், பழைய ஒத்தியைத் திருப்புகிறவர்கள், கெடுவைத் தள்ளிப்போட வருகிறவர்கள் என்று நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் ஆள் காத்திருக்கும். இதில் மூன்றாவது ரகத்தைப் பார்த்தால்தான் எனக்கு மனசு பதறும். புது ஒத்தி எழுத வருகிறவர் நாலு கேள்வி கேட்பார். திருப்ப வருகிறவர் பணத்தை எண்ணிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கெடு நீட்டிக்க வருகிறவர் மட்டும், “பழைய பத்திரத்துக்குப் பின்னாடியே ரெண்டு வரி எழுதிக் குடுங்கண்ணே, போதும்” என்பார்.

அந்த இரண்டு வரி போதாது. அதை விளக்கமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒத்தி என்றால் என்ன என்பதை மதுரை, தேனிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: வீட்டுக்காரருக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பேசிய வருஷம் வரை வாடகை இல்லாமல் குடியிருப்பது. கெடு முடிந்ததும் அந்தத் தொகை வட்டியில்லாமல் அப்படியே திரும்பி வர வேண்டும். சென்னையில் இதை லீஸ் என்கிறார்கள், வேறு பக்கங்களில் போக்கியம் என்கிறார்கள். மூன்று லட்சம் ரூபாய் ஒத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய் வரும். வீட்டுக்காரர் அந்த வட்டியை மிச்சம் பிடிக்கிறார், குடியிருப்பவர் அந்த வாடகையை மிச்சம் பிடிக்கிறார். கணக்கு நேர்.

போடியில் இது இவ்வளவு பரவியிருப்பதற்கு ஏலக்காயும் ஒரு காரணம். இங்கே பணம் மாதச் சம்பளமாக வருவதைவிடப் பருவத்தில் மொத்தமாக வருவது அதிகம். விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு மலைச்சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று காய் எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே ஸ்டோர்களில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பருவத்துக் கூலி, போனஸ், சீட்டுப் பணம், மகளிர் குழுக் கடன், நகையை அடகு வைத்தது என எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினால் ஒரு ஒத்திப் பணம். அது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் முழுச் சேமிப்பு. வேறு பணம் கிடையாது. மறுபக்கத்தில் வீட்டுக்காரருக்கும் மொத்தத் தொகை தேவைப்படுகிறது. மலையில் தோட்டத்துக்கு உரம் வாங்க வேண்டும், ஏலத்தில் விலை இறங்கிய வருஷத்துக் கடனை அடைக்க வேண்டும், பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பணத்துக்கு எழுதப்படும் பத்திரம் எப்படி இருக்கிறது என்று ஒன்றைக் காட்டுகிறேன். பெயர் வேண்டாம். தரம் பிரிக்கும் வேலை பார்க்கிற ஒரு பெண் கொண்டு வந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, ஏலக்காய் வாசனையோடு இருந்தது. முகப்பில் குறைந்த மதிப்பு முத்திரைத்தாள், ஒத்திப் பணம் இரண்டரை லட்சம், கெடு மூன்று வருஷம், இரண்டு சாட்சிக் கையெழுத்து. பதிவு இல்லை. பின்பக்கத்தைத் திருப்பினால் நீல மையில் ஒரு நீட்டிப்பு: “மேற்படி கெடுவை ஒரு வருஷத்துக்கு நீட்டித்துக்கொள்ளப்பட்டது.” அதற்குக் கீழே கறுப்பு மையில் இன்னொன்று, கூடுதலாக ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டதாக. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒன்று. மூன்றாவதில் இருந்தது வீட்டுக்காரரின் கையெழுத்து அல்ல. அவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் போட்டிருந்தார். இரண்டாவது மகனும் மகளும் போடவில்லை.

“எதுக்குத் தாயி இப்ப இதை எடுத்துட்டு வந்தே?” என்று கேட்டேன்.

“செவுத்துல பேங்க் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்கண்ணே. நாங்க ஒத்திக்கு இருக்கோம்னு சொன்னோம். பத்திரம் பதிஞ்சிருக்கான்னு கேட்டாங்க.”

வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே அந்த வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள். வங்கி வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருக்கும். அதில் இந்த ஒத்தி இல்லை. பதியாதது எப்படி வரும்? மூன்று லட்சத்தைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் சோறாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம், அரசாங்கத்தின் ஏட்டில் அங்கே இல்லவே இல்லை. கடைசியில் பெரியவர்களை வைத்துப் பேசிப் பாதிப் பணத்தைத் தவணையாக வாங்கிக் கொடுத்தோம். மீதி இன்னும் வரவில்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், ஒத்தியை அனுபவ அடமானம் என்று கொள்கிறது. 58ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: பணம் கொடுத்தவர் அந்தப் பணம் அடைபடும் வரை சொத்தைத் தன் அனுபவத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பிரிவு, 59, அதைவிட முக்கியமானது. அசல் தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் இத்தகைய அடமானம் பதிவுப் பத்திரத்தின் வழியாகத்தான் நடக்க முடியும். நூறு ரூபாய்! இன்று போடியில் நூறு ரூபாய்க்கு எந்த வீடும் ஒத்திக்குக் கிடைக்காது. ஆக, பதியாத ஒத்தி சட்டத்தின் கண்ணில் அடமானமே இல்லை. குத்தகையாக எழுதிக்கொண்டாலும் இதே நிலைதான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட கெடு உள்ள குத்தகையைப் பதிந்தாக வேண்டும் என்கிறது 107ஆவது பிரிவு. பதிவு செய்ய வேண்டியதைப் பதியாமல் விட்டால் அந்தப் பத்திரம் உரிமைக்குச் சான்றாக ஏற்கப்படாது என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்.

அப்படியானால் பதியாதவர் கையில் என்னதான் இருக்கிறது? பணம் கொடுத்ததற்கான சாட்சியம் இருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துக் கடனாக வழக்குப் போடலாம். அதற்கும் காலவரம்பு மூன்று வருஷம். பின்பக்கத்தில் எழுதுகிற அந்த இரண்டு வரிக்கு இங்கே ஒரு பயன் உண்டு என்பதை மறைக்கக் கூடாது: காலவரம்பு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மூன்று வருஷம் அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். கடனுக்கு உயிர் கொடுக்கும். வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கு உயிர் கொடுக்காது.

பதிந்தவரின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறிவிடுகிறது. அதன் பிறகு வீட்டை யார் வாங்கினாலும், எந்த வங்கி அதன்மேல் கடன் கொடுத்தாலும், இந்த ஒத்திக்குக் கட்டுப்பட்டுத்தான் வர வேண்டும். தெரியாது என்று சொல்ல முடியாது. கெடு முடிந்து பணம் வராவிட்டாலும், பணம் வரும் வரை வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. அனுபவ அடமானத்தில் பணத்தைக் கட்டி வீட்டைத் திருப்பும் உரிமை, பத்திரம் எழுதி முப்பது வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் அழிந்துபோகாது என்று 2014இல் சிங் ராம் – ஷியோ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒத்திக்கு விட்டால் வீடே போய்விடும் என்று பயந்து பதிவுக்கு மறுக்கிற வீட்டுக்காரர்களிடம் நான் இந்தத் தீர்ப்பைத்தான் சொல்வேன்.

பதிந்த ஒத்தியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அனுபவ அடமானக்காரர் குடியிருக்கலாமே ஒழிய, பணம் வரவில்லை என்பதற்காக வீட்டை விற்றுப் பணம் வசூலித்துக் கொடுங்கள் என்று அந்த உரிமையை மட்டும் வைத்துக் கேட்க முடியாது. ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது? பிள்ளை திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான், கூடவே போக வேண்டும், பணமோ வீட்டில் மாட்டிக்கிடக்கிறது. இதற்கு மருந்து ஒரு ஷரத்து: “கெடு தேதியில் ஒத்திப் பணத்தை நானே திருப்பிச் செலுத்துகிறேன்” என்று வீட்டுக்காரர் தன்னைக் கட்டுப்படுத்தி எழுதிக் கொடுப்பது. அப்படி எழுதியிருந்தால் பணத்துக்கு நேராக வழக்குப் போடலாம். என் மேசையில் எழுதுகிற எந்த ஒத்தியிலும் இந்த வரி இல்லாமல் இருக்காது. பழைய பத்திரத்தில் இல்லையென்றால், கெடு நீட்டிக்கிற நேரம்தான் அதைச் சேர்ப்பதற்கு நல்ல நேரம்.

செலவுதான் எல்லோரும் சொல்கிற காரணம். உண்மைதான், செலவு இருக்கிறது. தமிழ்நாட்டில் அனுபவ அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். மூன்று லட்சத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் ஆகிறது. முப்பது வருஷத்துக்கு உட்பட்ட குத்தகையாக எழுதினால் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். மூன்று லட்சத்துக்கு ஆறாயிரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் குத்தகைதாரருக்குக் கெடு முடிந்தபின் ‘பணம் வரும்வரை இருப்பேன்’ என்ற பலம் அதே அளவுக்குக் கிடையாது. எதை எழுதுவது என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டால் பாரம் தெரியாது. மூன்று வருஷ நிம்மதிக்கு அந்தத் தொகை அதிகமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் மூவாயிரம் வாடகையை மிச்சம் பிடிக்கிற குடும்பம் ஐந்தே மாதத்தில் அந்தப் பதினைந்தாயிரத்தை எடுத்துவிடுகிறது.

மாத வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். கெடு முடிந்தும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லாமல் இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் நீள்வதாகக் கொள்ளப்படும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். சும்மா இருந்தாலே நீண்டுகொண்டு போகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வங்கி ஏலத்துக்கு வந்த ஒரு மும்பை வீட்டைப் பற்றிய பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கிலும் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைப் போலவே கறாராக இருந்தது: பதிவு செய்த பத்திரம் இல்லாத குடித்தனக்காரர், சட்டம் அனுமதிக்கிற குறுகிய காலத்துக்கு மேல் அங்கே இருக்க உரிமை கோர முடியாது.

நம்முடைய ஒத்தியை அப்படியே உரித்து வைத்தது போல ஒரு முறை தென்கொரியாவில் இருக்கிறது. ஜொன்சே என்று பெயர். வீட்டு மதிப்பில் பெரும்பகுதியை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இரண்டு வருஷம் இருப்பார்கள். 2020 ஜூலையில் அங்கே சட்டம் திருத்தினார்கள். கெடு முடிகிறபோது இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துத் தரும்படி ஒருமுறை கேட்கக் குடித்தனக்காரருக்கு உரிமை உண்டு. தொகையை 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. தானே குடிவரப் போகிறேன் என்பது போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. அப்படியிருந்தும் பணம் திரும்பாமல் ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்கள் ஏமாந்தன. 2023இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. இங்கிலாந்தில் நீண்டகாலக் குத்தகை வீடுகளில் இருப்பவர்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் நீட்டிப்பை உரிமையாகவே கொடுத்தது. நமக்கு அந்த மாதிரி உரிமை எதுவும் இல்லை. ஒத்தியில் நீட்டிப்பு என்பது இரு தரப்பும் மனசு ஒத்தால்தான். நாம் எழுதி வாங்குவதுதான் நமக்குச் சட்டம்.

அதனால்தான் நீட்டிப்பைப் பற்றிய ஷரத்தை முதல் பத்திரத்திலேயே எழுதச் சொல்கிறேன். இதற்கு உதாரணம் தேட நம் மாவட்டத்துக்காரர்கள் தூரம் போக வேண்டாம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே கையெழுத்தான பெரியாறு அணைக் குத்தகைப் பத்திரம் இருக்கிறதே, அதில் 8,000 ஏக்கர் நீர்ப்பிடிப்பு நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், கெடு 999 வருஷம். அவ்வளவு நீளமான கெடுவை எழுதியவர்களும், கெடு முடிந்தபின் குத்தகைதாரர் விரும்பினால் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பித்துத் தர வேண்டும் என்பதைச் சேர்த்தே எழுதினார்கள். 1970இல் தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தம் போட்டு ஏக்கருக்கு 30 ரூபாயாக ஏற்றிக்கொண்டபோது, வாய்ப்பேச்சில் விடாமல் அதையும் எழுத்தில்தான் முடித்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மாவட்டத்தில் நாம் மூன்று வருஷ ஒத்திக்கு நீட்டிப்பு ஷரத்து எழுதாமல் விடுகிறோம்.

மலைக்கு மேலே விஷயம் இன்னும் சிக்கல். போடிமெட்டைத் தாண்டினால் கேரளச் சட்டம், கேரளப் பதிவு அலுவலகம். போடிக்காரர்கள் பலருக்கு இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டம் இருக்கிறது, தோட்டத்தில் வீடு இருக்கிறது. அந்த நிலங்களில் பட்டயம் (பட்டா) உள்ளதும் உண்டு, அரசிடம் ஏலச் சாகுபடிக்குக் குத்தகையாக வாங்கியதும் உண்டு, வெறும் அனுபவத்தில் இருப்பதும் உண்டு. அடிப்படைச் சண்டை 1897 ஆகஸ்ட் 24 தேதியிட்ட திருவிதாங்கூர் அறிவிப்பைப் பற்றியது. ஏலமலைக் காப்பு நிலத்தின் பரப்பு 15,720 ஏக்கர்தான் என்பது கேரள அரசின் வாதம். 2,15,720 ஏக்கர் என்பது வழக்குத் தொடுத்த சுற்றுச்சூழல் அமைப்பின் வாதம். இந்த வழக்கில்தான் 2024 அக்டோபரில், ஏலமலைக் காப்பு நிலத்தில் புதிய பட்டயம் எதுவும் வழங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கெடு முடிந்தும் புதுப்பிப்பு வராமல் நிற்கிற குத்தகை நிலத்தில் ஒரு வீடு என்றால், அதன் நிலையை யோசித்துப் பாருங்கள். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏலச்செடிக்கே மர நிழல் வேண்டும். சோலை போனால் ஏலமும் போகும். ஆனால் தலைமுறையாக அங்கே குடியிருக்கிறவனுக்குப் புதுப்பிப்பு உண்டா இல்லையா என்ற பதிலை வருஷக்கணக்கில் சொல்லாமல் வைத்திருப்பது நியாயமில்லை. அரசுகள் அதைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். அதுவரை மேலே வீடோ கடையோ ஒத்திக்குப் பேசுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: குத்தகைக்காரர் தன்னிடம் இருக்கிற உரிமைக்கு மேல் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. அவர் கெடு போனால் உங்கள் கெடுவும் கூடவே போகும். மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள்.

இனி, கெடு நீட்டிக்க என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கிறவற்றை அப்படியே சொல்லிவிடுகிறேன். கெடு முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே வாருங்கள். முடிந்தபிறகு வந்தால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. வரும்முன் வில்லங்கச் சான்றைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். முதல் ஒத்தி எழுதிய நாளுக்கும் இன்றைக்கும் இடையே அந்த வீட்டின்மேல் வங்கிக் கடனோ கிரய ஒப்பந்தமோ ஏறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள்; அதில் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மகன் போட்டது அவர் பங்கை மட்டும்தான் கட்டும். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்காக யாரோ ஒருவர் போடுவது செல்லாது. முறையான அதிகாரப் பத்திரம் வேண்டும்.

ஒத்திப் பணத்தை ஏற்றிக் கேட்டால், ஏற்றுகிற தொகையை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு. அதை எடுத்துச் சொன்னால் வீட்டுக்காரர்களே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். புதுப் பத்திரத்தில் பழைய தொகை, ஏறிய தொகை, மொத்தம், புதுக் கெடு தேதி, பணத்தைத் திருப்புவதாக உறுதிமொழி, அடுத்த நீட்டிப்பு எப்படி என்ற ஷரத்து எல்லாம் வர வேண்டும். மின்கட்டணம், வீட்டு வரி, குடிநீர் வரி யார் கட்டுவது என்பதும் வர வேண்டும். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. பிறகு இரு தரப்பும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து பதிந்துவிட்டுப் போங்கள். ஒரு முற்பகல் வேலை.

“நம்பிக்கை இல்லையா” என்று வீட்டுக்காரர் கோபிப்பார். என் அனுபவத்தில் நல்ல வீட்டுக்காரர்தான் முதலில் அப்படிக் கோபிப்பார், பிறகு ஒத்துக்கொள்வார். அவரிடம் பணிவாகவே சொல்லுங்கள்: “அய்யா, உங்களை நம்பித்தான் இத்தனை வருஷம் இருக்கோம். நாளைக்கு உங்க பிள்ளைக கிட்டயும் எங்க பிள்ளைக கிட்டயும் இதே பேச்சு இருக்கணும்ல, அதுக்குத்தான்.” இதைக் கேட்டு மறுத்தவர்கள் குறைவு.

இதைப் படிக்கிறவர் ஒத்தி வீட்டில் இருந்தால், பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சார்பதிவாளர் முத்திரை இருக்கிறதா, கெடு தேதி எது, பின்பக்கத்தில் பேனாவால் நீட்டித்தது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் மட்டும் நீட்டிப்பு இருந்தால் ஆடிக்குக் காத்திருக்க வேண்டாம். பத்திரம் எழுத ஆடியும் மார்கழியும் தடை இல்லை.